பாலும் பையும் பக்குவமும்

மும்பையில் தமிழர் வீட்டுக் காலைப் பொழுது எங்கும் ஒரே மாதிரிதான் விடிகிறது. தாராவி கிராஸ் ரோடு ஆனாலும் சரி, மாட்டுங்கா பாவுதாஜி ரோடு ஆனாலும் சரி, செம்பூர் சேடா நகர் ஆனாலும் சரி, கதவைத் திறந்ததும் கை முதலில் போவது தாழ்ப்பாளில் தொங்கும் பால் பைக்குத்தான். டிகாஷன் இறங்கித் தயாராக இருக்கும். பால் திரிந்து போனால் அன்றைய நாளே திரிந்து போன மாதிரி!

நம் மகளிர் அணிக் கூட்டம் ஒன்றில் இந்தப் பாலைப் பற்றி ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. பாக்கெட் பாலைக் காய்ச்ச வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. "பண்ணையிலேயே சுட வைச்சுத்தானே அனுப்பறா, இன்னொரு தரம் எதுக்கு?" என்றார் மாட்டுங்கா மாமி ஒருவர். "நாங்க ஒரு நாளைக்கு மூணு தடவை காய்ச்சுவோம், அப்பவும் சாயங்காலம் திரிஞ்சிருது" என்றார் தாராவியிலிருந்து வந்த சகோதரி. "நான் பாக்கெட்டை அப்படியே பிரிட்ஜில் போட்டுவிடுவேன், காய்ச்சுவதே கிடையாது" என்றது செம்பூரில் இருக்கும் இளம் பெண். மூவர் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

புட்டியிலிருந்து பைக்கு

நான் 1974இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி வந்தபோது எங்கள் சாலுக்கு இரண்டு வழியாகப் பால் வரும். தபேலாவிலிருந்து பையா தூக்கில் கொண்டு வரும் எருமைப் பால் ஒன்று. ஆரே பூத்தில் கார்டு காட்டி வரிசையில் நின்று வாங்கும் புட்டிப் பால் மற்றொன்று. காலிப் புட்டியைக் கொடுத்தால்தான் நிறை புட்டி கிடைக்கும். கழுவாமல் கொண்டு போனால் பூத்காரர் முறைப்பார்.

அந்தப் புட்டிக்குப் பின்னால் பெரிய கதை உண்டு. அந்நாளில் பம்பாய் நகருக்குள்ளேயே குடியிருப்புகளுக்கு நடுவில் எருமைத் தொழுவங்கள் இருந்தன. சாணமும் சகதியும் ஈயும் நிறைந்த இடத்தில் கறந்த பால்தான் பிள்ளைகளுக்குப் போயிற்று. தொழுவங்களை ஊருக்கு வெளியே கொண்டு போக வேண்டும் என்று கோரேகாவில் உருவானதுதான் ஆரே பால் குடியிருப்பு. 1951 மார்ச் 4ஆம் தேதி பிரதமர் நேரு அதைத் தொடங்கி வைத்தார். இதற்கு உழைத்தவர் தாரா குரோடி என்ற பார்சி அதிகாரி. எருமைப் பாலின் மிகுந்த கொழுப்பைக் குறைத்து, பால் பவுடரும் நீரும் சேர்த்து, விலை மலிவாக ஏழைக்கும் எட்டும்படி செய்த 'டோன்டு' பாலுக்கும் மூலவர் என்று அவரையே சொல்வார்கள். ஆவின் பையில் 'சமன்படுத்தப்பட்ட பால்' என்று போட்டிருப்பதும் இதுதான்.

ஆரே தோன்றும் முன்பே, 1945இல், குஜராத்தின் ஆனந்தில் பாலைச் சூடாக்கிக் குளிர வைத்து 400 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் ரயிலில் பம்பாய்க்குக் கொண்டு வரும் ஏற்பாடு தொடங்கிவிட்டது. அந்த வியாபாரத்தில் தங்களுக்கு நியாயமான விலை கிடைக்கவில்லை என்று உழவர்கள் போராடியதால் 1946இல் பிறந்ததே கேடா மாவட்டக் கூட்டுறவுச் சங்கம். பின்னாளில் அமுல் என்று உலகறிந்த நிறுவனம். அதாவது, நம் காப்பிக்கு வேண்டிய பாலுக்காக எழுந்த சண்டையிலிருந்துதான் அமுலே பிறந்தது! அதை வளர்த்த வர்கீஸ் குரியன் கோழிக்கோட்டில் பிறந்து சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். 1963இல் குரோடி, குரியன், திரிபுவன்தாஸ் பட்டேல் மூவருக்கும் சேர்த்து மகசேசே விருது கிடைத்தது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டமும் பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களைக் கிராமத்துப் பாலோடு இணைப்பதில்தான் ஆரம்பித்தது.

புட்டி கனம், உடையும், கழுவித் திரும்ப நிரப்ப வேண்டும். பிளாஸ்டிக் பை வந்ததும் புட்டி மெல்ல விடைபெற்றது. ஒரே இயந்திரம் பிளாஸ்டிக் சுருளைப் பையாக மடித்து, பாலை நிரப்பி, சூட்டால் ஒட்டி வெட்டிவிடுகிறது. இன்று மும்பையில் அமுல், கோகுல், மகானந்தா, வாரணா என்று எந்தப் பால் வாங்கினாலும் பெரும்பாலும் இந்தப் பையில்தான் வருகிறது.

பைக்குள் என்ன இருக்கிறது?

பையின் மேல் எழுதியிருப்பதை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி 'புல் கிரீம்' பாலில் 6 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். டோன்டு பாலில் 3 சதவீதம். டபுள் டோன்டு பாலில் 1.5 சதவீதம். அமுல் கோல்டு முதல் வகை, தாஜா இரண்டாம் வகை. காப்பி திக்காக வேண்டுமென்றால் கோல்டு. கொழுப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் தாஜாவோ அதற்கும் கீழோ. விலையைப் பார்ப்பதோடு இதையும் பார்த்து வாங்குவது நல்லது.

'பாஸ்டுரைஸ்டு' என்ற சொல்லும் பையில் இருக்கும். பாலை 72 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 விநாடி வைத்து, உடனே நன்றாகக் குளிர வைப்பதற்கு அந்தப் பெயர். லூயி பாஸ்டர் இந்த முறையை முதலில் கையாண்டது ஒயினுக்கு. பாலுக்கு வந்தது பிற்பாடு. இதனால் காச நோய், டைபாய்டு போன்ற நோய்க் கிருமிகள் செத்துவிடும். ஆனால் எல்லாக் கிருமியும் சாவதில்லை. சூட்டைத் தாங்கும் சில, உயிரோடு உறங்கிக் கிடக்கும். குளிரில் இருக்கும்வரை அவை சோம்பிக் கிடக்கும். வெதுவெதுப்புக் கிடைத்தால் அரை மணிக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். அவை பாலின் சர்க்கரையைத் தின்று புளிப்பை விடும். அந்தப் புளிப்புத்தான் பாலைத் திரிய வைக்கிறது.

ஆகவே மாட்டுங்கா மாமி சொன்னது சரிதான், ஒரு நிபந்தனையோடு. பண்ணையிலிருந்து நம் கைக்கு வரும்வரை குளிர் விடாமல் வந்திருந்தால் பாக்கெட் பாலை அப்படியே குடிக்கலாம். அப்படியா வருகிறது? நள்ளிரவுக்குமேல் லாரியில் ஏறும் பால், விடியற்காலை நடைபாதையில் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் இறங்குகிறது. அங்கே ஆட்கள் கட்டடம் வாரியாகப் பிரிக்கிறார்கள். பிறகு சைக்கிள், படிக்கட்டு, நம் தாழ்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை நாம் எட்டு மணிக்கு எழுந்தால் அது மேலும் இரண்டு மணி நேரம் வெளியில் தொங்கும். மே மாதத்து மும்பையில் இது சின்ன விஷயமில்லை. குளிர்ச் சங்கிலியின் மற்ற வளையங்கள் நம் கையில் இல்லை. கடைசி வளையம் மட்டும் நம் வீட்டு வாசலில் இருக்கிறது.

ஊர் வித்தை இங்கே ஏன் பலிக்கவில்லை?

என் அத்தை, அதாவது மாமியார், ஊரில் பிரிட்ஜ் என்ற பேச்சே இல்லாமல் பாலைக் காத்தவர். காலைப் பாலை மண் சட்டியில் ஊற்றி, வறட்டித் தணலில் மெல்லிய சூட்டிலேயே சாயங்காலம்வரை வைத்திருப்பார். ஆடை தடிமனாகப் படியும். பால் கெடாது. இதில் மூடநம்பிக்கை ஒன்றுமில்லை. 60 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் பாலைக் கெடுக்கும் கிருமி பெருகாது. குளிர் எதைச் செய்கிறதோ அதையே சூடும் செய்கிறது. நடுவில் உள்ள வெதுவெதுப்புத்தான் ஆபத்து.

அவருடைய இன்னொரு வித்தை, காய்ச்சி ஆறிய பாலை மண் பானையில் ஊற்றி, சுற்றி ஈரத் துணி கட்டி, ஈர மணலில் வைப்பது. தாராவி கும்பார்வாடாவில் பானைக்கா பஞ்சம்? வந்த புதிதில் ஒன்று வாங்கி வந்து இங்கேயும் அதையே செய்தார். ஜூன் மாதம். இரண்டாம் நாளே பால் தயிருமில்லாமல் பாலுமில்லாமல் ஆயிற்று. "இந்த ஊரு பாலே சரியில்ல" என்று அவர் பாலைத் திட்டினார். குற்றம் பாலில் இல்லை, காற்றில் இருந்தது. துணியிலுள்ள ஈரம் ஆவியாகிப் போகும்போதுதான் பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நெல்லையின் காய்ந்த காற்று அந்த ஈரத்தை ஆசையோடு உறிஞ்சும். மும்பையின் கடல் காற்று, அதிலும் மழைக்காலத்தில், ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. போட்ட துணியே நான்கு நாள் காயாத ஊரில் பானை எப்படிக் குளிரும்? ஊரிலிருந்து நாம் கொண்டு வந்த பழக்கங்களில் எது இந்த மண்ணுக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பொருந்துகிற ஒன்றைச் சொல்கிறேன். மிஞ்சிய பாலை இரவில் உறை ஊற்றுவது. கண்ட கிருமி வந்து பாலைக் கெடுப்பதற்கு முன், நமக்கு வேண்டிய நல்ல கிருமியைக் கொண்டு நாமே அதைப் புளிக்க வைப்பதுதான் தயிர். பாலைக் காப்பாற்றும் வழிகளில் இதைவிடப் பழையதும் மலிவானதும் இல்லை.

வாசலிலிருந்து அடுப்புவரை

இனி நடைமுறைக்கு வருவோம்.

முதலில், பையை வாங்கியவுடன் குழாய் நீரில் கழுவுங்கள். நடைபாதையில் கிடந்த பை அது. பிறகு கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பல்லால் கடிக்க வேண்டாம்.

காலையில் முதல் வேலையாகக் காய்ச்சிவிடுங்கள். பொங்கி வந்த பின் தணலைக் குறைத்து, கிளறியபடி இரண்டு மூன்று நிமிடம் விட்டால் போதும். தபேலா பால் வாங்குபவர்கள் காய்ச்சாமல் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது. அது எந்தப் பண்ணைச் சூட்டையும் காணாத பால். "நேராக மாட்டிலிருந்து வருகிறது" என்பது ருசிக்குச் சான்றாகலாம், சுத்தத்துக்குச் சான்றாகாது.

காய்ச்சுவதில் காட்டும் அக்கறையை ஆற வைப்பதிலும் காட்ட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பால் கெடுவது இங்கேதான். காய்ச்சிய பாலை அடுப்பு மேடையிலேயே மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறோம். அது மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. மாறாக, பால் பாத்திரத்தை அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் வையுங்கள். தண்ணீர் சூடானதும் ஒரு முறை மாற்றுங்கள். அரை மணியில் ஆறிவிடும். உடனே பிரிட்ஜுக்குள் தள்ளுங்கள். கதவுத் தட்டில் வைக்க வேண்டாம். கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளிச்சூடு படுவது அங்கேதான். உள்ளே, பின்பக்கமாக, 5 டிகிரிக்குக் கீழ் இருக்குமிடமே பாலுக்கு உரியது.

நேற்றைய மிச்சத்தில் இன்றைய பாலை ஊற்றாதீர்கள். பழையதிலிருக்கும் புளிப்பு புதியதையும் கெடுக்கும். சந்தேகம் வந்தால் ஒரு கரண்டி பாலைத் தனியாகச் சின்னக் கிண்ணத்தில் கொதிக்க வைத்துப் பாருங்கள். திரிந்தால் கரண்டியோடு போயிற்று, முழுப் பாலும் காப்பிப் பொடியும் மிஞ்சும். பால் பண்ணைகளிலும் இதே சோதனைதான் செய்கிறார்கள். திரியாமலிருக்கச் சிட்டிகை ஆப்ப சோடா போடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது புளிப்பை மறைக்குமே தவிர ஒரு கிருமியையும் கொல்லாது. கெட்ட பாலுக்கு நல்ல வேஷம் போடுவது அது.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது? ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. அவர்கள் ஒரு லிட்டரை ஒரேயடியாக வாங்காமல், காலைக்கு அரை லிட்டர், மாலைக்குக் கடைக்காரர் பிரிட்ஜிலிருந்து அரை லிட்டர் என்று வாங்கலாம். அவருடைய குளிர்சாதனம் நமக்கும் உதவட்டும். நான்கைந்து மணிக்கு ஒரு முறை மறுபடி கொதிக்க வைத்து உடனே தண்ணீர்த் தட்டில் ஆற்ற வேண்டும். தாராவி சகோதரி மூன்று முறை காய்ச்சியும் பால் திரிந்ததற்குக் காரணம் இப்போது விளங்கும். காய்ச்சியது போதும், ஆற்றியது போதவில்லை.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் சாலில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு மே மாதம் வயிற்றுப்போக்குக் கண்டு, கண் உள்ளே போய், துவண்ட துணியாகக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "புட்டியில் பால் எத்தனை மணிக்கு ஊற்றியது?" என்பதுதான். காலை ஏழு மணிக்கு ஊற்றிய பால், குழந்தை குடித்தது பகல் ஒரு மணிக்கு. குழந்தை பிழைத்தது, இன்று அதற்கே இரண்டு குழந்தைகள். ஆனால் அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. குழந்தை குடித்து மிச்சம் வைத்த பாலை அடுத்த வேளைக்கு வைக்கவே கூடாது. ஒரு வயதாகும்வரை மாட்டுப் பாலைவிடத் தாய்ப்பாலே மேல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கலப்பட பயம்

மும்பையில் அடிக்கடி கேள்விப்படும் ஒரு மோசடி உண்டு. பெயர் பெற்ற பால் பையின் மூலையை நறுக்கி, கொஞ்சம் பாலை எடுத்து, தண்ணீரை ஊற்றி, மெழுகுவர்த்திச் சூட்டில் மறுபடி ஒட்டி விற்பது. உணவு மருந்து நிர்வாகமும் போலீசாரும் இத்தகைய கும்பல்களைப் பலமுறை பிடித்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் எந்தக் குழாயினுடையது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே பையின் ஒட்டைத் தடவிப் பாருங்கள். இயந்திரத்தின் ஒட்டு நேர்கோடாக, ஒரே அகலத்தில் இருக்கும். மூலையில் சுருக்கமோ, கருகலோ, இரட்டை ஒட்டோ இருந்தால் வாங்காதீர்கள். ஒரு துளிப் பாலைச் சாய்வான வழவழப்பான தட்டில் விட்டுப் பாருங்கள். நல்ல பால் மெல்ல இறங்கி வெள்ளைத் தடம் விடும். தண்ணீர் கலந்தது தடமில்லாமல் ஓடிவிடும்.

ஆயினும் அளவுக்கு மீறிப் பயப்படவும் தேவையில்லை. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. உடலுக்குக் கேடான கலப்படம் தெரிந்தவை 12 மட்டுமே. கலப்படக்காரன் எப்போதோ ஒரு நாள் நம் வீட்டுக்கு வரலாம். வெதுவெதுப்பு தினமும் வருகிறது.

அவசரத்துக்கு அட்டைப் பெட்டி

2005 ஜூலை 26ஐ இங்கிருந்தவர்கள் மறக்க முடியாது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி நதி பெருகித் தாராவி, சயான், குர்லா எல்லாம் வெள்ளக்காடு. மறுநாள் பால் வரவில்லை. எங்கள் கட்டடத்தில் கைகொடுத்தது ஒருவர் வீட்டிலிருந்த பால் பவுடரும், இன்னொருவர் வீட்டிலிருந்த நான்கு அட்டைப் பெட்டிப் பாலும்தான். இரண்டையும் சிறு பிள்ளைகளுக்கென்று பங்கிட்டோம்.

இந்தப் பெட்டிப் பாலை 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கி, கிருமி நீக்கிய பெட்டியில் காற்றுப் படாமல் அடைக்கிறார்கள். காகிதம், பிளாஸ்டிக், அலுமினியத் தகடு எனப் பல அடுக்குகள் ஒளியையும் காற்றையும் தடுக்கின்றன. ஸ்வீடன் நாட்டு டெட்ரா பாக் நிறுவனம் 1951இல் தொடங்கி வளர்த்த கலை இது. பிரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் கெடாது. விலை கூடுதல்தான். ஆனால் மழைக்காலத்துக்கு முன் இரண்டு பெட்டி வாங்கி வைப்பது குடையை எடுத்து வைப்பது போல. ஒன்று மட்டும் கவனம்: திறந்த பிறகு அதுவும் சாதாரணப் பால்தான். பிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும்.

காலிப் பை

பால் தீர்ந்த பின்னும் பை இருக்கிறது. 2005 வெள்ளத்தின்போது வடிகால்களை அடைத்ததில் பிளாஸ்டிக் பைகளுக்கும் பெரும் பங்கு இருந்தது என்று நகரமே பேசியது. 2018இல் மகாராஷ்டிர அரசு பிளாஸ்டிக் தடையாணை போட்டபோது பால் பையை அடியோடு தடுக்கவில்லை. 50 மைக்ரானுக்குக் குறையாத தடிமன் வேண்டும், திரும்ப வாங்கிக்கொள்ளும் விலையை அச்சிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. வேறு வழி கிடைக்கும்வரை பையோடுதான் வாழ்க்கை.

அதை எப்படி வெட்டுகிறோம் என்பதில் ஒரு சிறு நுணுக்கம் இருக்கிறது. மூலையில் முக்கோணமாக நறுக்கினால் அந்தத் துணுக்கு குப்பையில் தொலைந்து சாக்கடைக்குப் போகும். அதைப் பொறுக்கி எடுப்பவர் யாருமில்லை. மீதிப் பையோ ஏறத்தாழ முழுசாக இருப்பதால் கலப்படக்காரர் மறுபடி நிரப்பவும் உதவும். அதற்குப் பதில், மேல் விளிம்பு நெடுக வெட்டி, ஓர் ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். துணுக்கு தனியே போகாது. பை வாய் பிளந்துவிடுவதால் யாரும் மறுபடி பால் ஊற்றி விற்க முடியாது. உள்ளே கழுவுவதும் எளிது. கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் ரத்திவாலா எடை போட்டுக் காசு தருவார். அந்தப் பை போய்ச் சேரும் இடங்களில் ஒன்று நம் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டு. அங்கே பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, கழுவி, அரைத்து, உருக்கி, மணிமணியாக்கி மறுபடி தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கொட்டகைகளில் பை பிரிக்கும் பெண்களுக்கு, புளித்த பால் நாற்றமில்லாத சுத்தமான பையைக் கொடுப்பது நம்மால் முடிந்த சிறு மரியாதை.